நேர்த்தி முடியும் மஞ்சள் ஹெல்மெட்டும்

என் வீட்டுக்காரருக்கு சென்ட்ரிங் வேலை. கான்கிரீட் தளம் போடுவதற்கு முன்னால் கீழே முட்டுக் கொடுத்து, மேலே பலகையும் தகரமும் பரப்பி வைப்பார்களே, அதுதான். கல்யாணமான நாள் முதல் வேலைக்குப் போகும்போது அவர் தலையில் நான் பார்த்தது ஒரு துண்டுதான். வெயிலுக்கும் அது, தூறலுக்கும் அது, முகம் துடைக்கவும் அது. கோச்சடைப் பக்கம் அவர் பலகை அடிக்காத தெரு குறைவு. எல்லாம் சின்னச் சின்ன வீடுகள், மிஞ்சினால் இரண்டு மாடி. தலைக்கு எதையாவது போட்டுக்கொள் என்று அங்கே யாரும் அவரிடம் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. காலையில் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்தித் திருநீறு பூசி அனுப்புவேன். அதற்கு மேல் ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்று நான் என் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். எனக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற வேலை. படிப்பு எட்டாவது.

ஆத்தா என்றால் எங்கள் குலசாமி. திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம், பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். சுற்றிலும் பருத்திக் காடு, நடுவில் வேப்பமரமும் கோயிலும்.

எங்களுக்கு ஒரே மகள். கட்டிக்கொடுத்த பிறகு அவளுக்கு இரண்டு தடவை கரு தங்கவில்லை. இரண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது இவர் வாசலோடு திரும்பிவிட்டார். நேரே பஸ் ஏறிக் கோயிலுக்குப் போய்விட்டார். இருட்டுவதற்குள் வந்து, கைகால் கழுவிவிட்டு என்னிடம் சொன்னார்.

"எம்பிள்ளை கையில ஆத்தா ஒரு பிள்ளையக் குடுக்குற வரைக்கும் என் தலையில கத்தி படாது. சொல்லிட்டு வந்துட்டேன்."

அதற்குப் பிறகு கத்தரியும் இல்லை, சவரமும் இல்லை. முடி காதை மூடி, கழுத்தைத் தொட்டு, தோளில் விழுந்தது. கறுப்பும் வெள்ளையும் கலந்த அடர்த்தியான முடி. அதை உச்சியில் கொண்டையாக முடிந்து, மேலே துண்டைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். கூட வேலை பார்க்கிறவர்கள் அவரைச் "சாமி" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். டீக்கடையில், "சாமிக்கு ஒரு வடையும் சேத்து வைங்கப்பா, படையலு" என்பார்களாம். அவரும் வடையைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார்.

மூன்றாவது தடவையாக மகளுக்கு உண்டானது. நடமாட்டத்தைக் குறைத்துப் படுக்கையில் இருக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூரில் மில் வேலை. அதனால் அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம். முன்னறையில் கட்டில் போட்டுக் கொடுத்தோம். பாத்ரூமுக்கு எழுந்து போகும்போதுகூடத் தளும்பத் தளும்பத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு நடப்பவள் மாதிரி அடியெடுத்து வைத்தாள். வீட்டில் யாரும் குழந்தை என்ற சொல்லைச் சொல்வதில்லை. அப்படி ஒரு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை, தானாகவே நின்றுபோனது. எதைச் சொல்ல வேண்டுமென்றாலும் "நல்லபடியா" என்று மட்டும் சொல்வோம். அவளும் சிரிப்பதில்லை. சிரித்தால் ஏதாவது கலைந்துவிடுமோ என்று பயந்தாளோ என்னவோ.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பி புது வேலையோடு வந்தான். அவன் மேஸ்திரி, ஆள் சேர்த்து வேலை எடுத்துச் செய்கிறவன். நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனி அடுக்குமாடிக் கட்டடம் எழுப்புகிறது, சென்ட்ரிங் முழுக்க தனக்குத்தான் என்றான்.

"மாமா, வருசம் பூரா வேலை கெடக்கு. காலையில பஸ் ஏறுனா சாயங்காலம் வீட்டுல இருக்கலாம். பிள்ளைய இப்படி வச்சுக்கிட்டு நீங்க ஓசூருக்கும் திருப்பூருக்கும் அலைய வேணாம்ல?"

இவருக்கு அந்த ஒரு வார்த்தை போதும். மதுரைக்குள் வேலை குறைந்துபோயிருந்தது. வெளியூர் போனால் மாதக்கணக்கில் தங்க வேண்டியிருக்கும். மகளுக்கு ராத்திரி ஏதாவது என்றால் ஆட்டோ பிடிக்கக்கூட வீட்டில் ஆம்பிளை இருக்கமாட்டார்.

முதல் நாள் வேலை முடிந்து வரும்போது கையில் மஞ்சள் ஹெல்மெட் இருந்தது. என்ஜினியருக்கு வெள்ளையாம், கரண்டு வேலைக்காரர்களுக்கு நீலமாம், சேஃப்டி ஆபீசருக்குப் பச்சையாம், மற்ற எல்லோருக்கும் மஞ்சளாம். எனக்கு மஞ்சள் பிடித்திருந்தது. மங்களகரமான நிறம்தானே. அதைத் துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, நெற்றி வருகிற இடத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

"இது எதுக்குடி? நாளைக்கு வேர்வையில வழியப்போகுது" என்றார்.

"வழிஞ்சா மறுபடி வைப்பேன்."

ஆனால் அது தலையில் உட்காரவில்லை. உச்சிக் கொண்டைமேல் கோயில் கலசம் மாதிரி நின்று ஆடியது. கொண்டையைப் பின்னால் இறக்கினால் ஹெல்மெட்டின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு முன்பக்கம் கண்ணை மறைத்தது. முடியை அவிழ்த்துவிட்டால், விரித்த முடி எங்கேயாவது சிக்கும் என்று அந்தச் சேஃப்டி ஆபீசர் விடவில்லை. நாலைந்து நாள் எப்படியோ ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே குறுக்கும் நெடுக்குமாகப் பட்டைகள் ஓடிக் கூடு மாதிரி இருந்தது.

"வெளி ஓடுதான கெட்டி? இந்தப் பட்டை சும்மா தலைக்கு மெத்துனு இருக்கத்தான்" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நான் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டேன், அவர் காய் நறுக்குகிற கத்தியால் உள்பட்டைகளை அறுத்து எடுத்தார். கொண்டை அந்தக் குழிக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார். விழவில்லை. ஆத்தா வழி விட்டாள் என்று நான் சந்தோஷமாக அடுப்படிக்குப் போனேன்.

இரண்டு நாள்கூடப் போகவில்லை. சாயங்காலம் தம்பி அந்த ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். பின்னாலேயே இவர், தலையைக் குனிந்துகொண்டு.

"அக்கா, மாமா பண்ணியிருக்குற வேலையப் பாரு. கம்பெனிக்காரன் முன்னாடி என் மானமே போச்சு."

"மாப்ள, சத்தத்தக் கொற. பிள்ள படுத்துருக்கு" என்றார் இவர்.

"படுத்துருக்கட்டும், அதுவும் கேக்கட்டும். அக்கா, நீ இங்க வந்து நில்லு." தம்பி தன் ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் மாட்டினான். சோற்றுக் கரண்டியை எடுத்து அதன்மேல் ஓங்கித் தட்டினான். டொக்கென்று சத்தம்தான் வந்தது. "வலிச்சுச்சா?"

"இல்லடா."

பிறகு இவருடையதை மாட்டி, அதே மாதிரி தட்டினான். நடுமண்டையில் இறங்கியது.

"அடப்பாவி!"

"கரண்டிக்கே இம்புட்டுக் கத்துறியே. மேலருந்து இரும்புக் கிளாம்பு விழுந்தா எம்புட்டு இருக்கும்?"

அந்தச் சேஃப்டி ஆபீசர் சின்ன வயசுப் பையன்தானாம். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றான் தம்பி. திட்டவே இல்லையாம். ஒரு நல்ல ஹெல்மெட்டை எடுத்து, ஓட்டுக்கும் பட்டைக்கும் நடுவில் விரல்களை விட்டுக் காட்டினாராம். "அண்ணே, இந்த எடம் காலியா இருக்கணும். அடி விழுந்தா அது இங்கனயே செத்துரும், மண்டைக்கு வராது. அதுக்குத்தான் இத இப்படிச் செஞ்சிருக்கு. நீங்க பட்டையவும் எடுத்துட்டு, அந்த எடத்தையும் முடிய வச்சு அடைச்சுட்டீக. எங்க வீட்டுலயும் சாமிக்கு நேந்து முடி வளப்பாக. எனக்குத் தெரியாதது இல்ல. ஆனா இதோட உங்கள மேல ஏத்த எனக்கு மனசு வராது" என்றாராம். கொண்டை இல்லாமல் வந்தால் வேலை, இல்லாவிட்டால் வேலை இல்லை. புது ஹெல்மெட் ஒன்றையும் தம்பி கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கெட்டியான ஓடுதான் காப்பாற்றும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒன்றும் இல்லாத அந்த இரண்டு விரல் இடத்தில் இருந்திருக்கிறது சூட்சுமம்.

இவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "விடு மாப்ள. ஓசூர்ல வேலை இருக்குன்னு ஒருத்தன் கூப்புட்டான். நான் அங்க போயிக்கிர்றேன்."

"இந்த நேரத்துலயா?" என்றான் தம்பி. பிறகு குரலைத் தணித்து என்னிடம் சொன்னான். "அக்கா, ஆத்தாகிட்டயே கேட்டுருவோம். நாளைக்குக் கோயிலுக்குப் போயி பூக்கட்டிப் பாப்போம். வெள்ளப் பூ வந்தா, முடிய இப்பவே வாங்கிக்கிறேன்னு அவ சொன்ன மாதிரி. எறக்கிருவோம். செவப்பு வந்தா மாமா இஷ்டம்."

எங்கள் வழக்கம் அது. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் மடித்து, சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத பிள்ளை ஒன்றை எடுக்கச் சொல்வோம். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததே அப்படிக் கேட்டுத்தான். எனக்கு அதில் முழு நம்பிக்கை உண்டு. அதனால்தான் பயம் வந்தது. வெள்ளைப் பூ வந்து, முடியை இறக்கி, அதற்குப் பிறகு மகளுக்கு ஏதாவது ஒன்று ஆனால்? ஆத்தாள் சொல்லித்தானே செய்தோம் என்று என் மனசு அவளைக் குறை சொல்லாமல் இருக்குமா? நாளைக்கு எந்த முகத்தோடு அவள் வாசலில் போய் நிற்பேன்? ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டு, நமக்குச் சங்கடம் வந்ததும் அதை மாற்றித் தருகிறாயா என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

"வேணாம்டா. கேக்க வேணாம்" என்றேன்.

கட்டிலிலிருந்து மகள் பேசினாள். சுவரைப் பார்த்துப் படுத்தபடியே பேசினாள்.

"அப்பா, முடிய எடுத்துருங்கப்பா. எனக்குன்னு வச்ச முடி. அதப் பாக்கப் பாக்கப் பயமா இருக்கு. நல்லபடியா நடக்கலன்னா, உங்க வாக்கும் என்னாலதான வீணாப் போகும்? அதுவும் போக, நீங்க அம்புட்டு உசரத்துல மண்டைக்கு ஒண்ணும் இல்லாம நிக்கிறீகன்னு கேட்டது அதவிடப் பயமா இருக்கு."

இவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். "அப்படிச் சொல்லாத தாயி. இது ஒனக்குப் பாரம் இல்ல. எனக்கும் ஆத்தாளுக்கும் உள்ளது." அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மத்தியானம் பொம்பளைப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வந்தன. நான் நின்றுகொண்டு சாம்பார் ஊற்றுகிறேன், பிள்ளைகள் என் நெஞ்சு உயரம். மேலிருந்து பார்த்தால் வரிசையாகத் தலைகள்தான் தெரியும். எண்ணெய் வைத்து வழித்துச் சீவி, நடு வகிடு எடுத்து, காதோரம் இரண்டு சடை பின்னி, மடித்து ரிப்பன் கட்டிய தலைகள். உச்சி அப்படியே பலகை மாதிரி தட்டையாக இருந்தது. ஒரு தலையைப் பார்த்தேன், அடுத்ததைப் பார்த்தேன். கை நின்றுவிட்டது.

"என்ன ஆயா, என் தலையவே பாக்குறீக? பேன் ஓடுதா?" என்று ஒரு பிள்ளை கேட்க, வரிசை முழுக்கச் சிரிப்பு.

"ஓடல தாயி. நீ நல்லா இரு" என்று அவளுக்கு ஒரு கரண்டி கூடவே ஊற்றினேன்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு என்னை முறைத்தார்.

"வெளாடுறியாடி? ரெட்டச் சடையா? பேரன் எடுக்கப்போற வயசுல எனக்கு ரெட்டச் சடையா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. அத்தனை மாதமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல். கட்டிலில் மகள் மெதுவாகத் திரும்பி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"பேரன்னு யாருப்பா சொன்னது?"

இவர் பேந்தப் பேந்த விழித்தார்.

"வாங்க, கீழ உக்காருங்க. நான் பின்னி விடுறேன்."

"ஏத்தா, நேர்த்தி முடி... பின்னலாமா?"

"கத்தி படாதுன்னுதான சொன்னீக? சீப்பு படாதுன்னு சொன்னீகளா?"

பின்னலாமா என்ற கேள்வி எனக்கும் மனசுக்குள் இருந்தது. விளக்கேற்றி, ஆத்தா, உனக்கு உள்ள முடியில் ஒன்றுகூடக் குறையாது என்று கும்பிட்டுவிட்டு, தேங்காய் எண்ணெயையும் சீப்பையும் மகளிடம் கொடுத்தேன். அவர் கட்டிலுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் சீப்பின் நுனியால் நெற்றியிலிருந்து பிடரி வரை கோடு கிழித்த மாதிரி வகிடு எடுத்தாள். முடி அவ்வளவு நீளம் இல்லாததால் சடை இரண்டும் கட்டை கட்டையாக வந்தன. காதுக்குக் கீழே பின்னி, மடித்து, பின்கழுத்தோடு ஒட்டிக் கறுப்பு ரிப்பனால் கட்டினாள். நான் புது ஹெல்மெட்டை அவர் தலையில் வைத்தேன். இறங்கி உட்கார்ந்தது. தாடியை அள்ளிச் சட்டைக்குள்ளே செருகிக்கொண்டு தாடைப் பட்டையை மாட்டினார்.

எழுந்து நின்று எங்களைப் பார்த்தார். இரண்டு காதுக்கும் கீழே இரண்டு சடை வளையம் எட்டிப் பார்த்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் நிற்கவில்லை. வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தாள். "மெதுவாடி, மெதுவாடி" என்று சொல்லிக்கொண்டே நானும் சிரித்தேன். சிரித்ததால் எதுவும் கலையவில்லை.

மறுநாள் கட்டடத்தில் நடந்ததைத் தம்பி வந்து நடித்தே காட்டினான்.

"என்ன சாமி, எந்த ஸ்கூலு?" என்றானாம் ஒருவன். "டீச்சர் டீச்சர், இவரு ரிப்பன் மாத்திக் கட்டிட்டு வந்துருக்காரு!" என்றானாம் இன்னொருவன். கம்பி கட்டுகிறவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்த்தார்களாம். இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் சொன்னாராம்: "எம்மக பின்னி விட்டுச்சுடா. ஒனக்கு ஒம்மக என்ன செஞ்சு விட்டா, சொல்லு பாப்போம்?" அதோடு பேச்சு அடங்கிவிட்டதாம். அந்தச் சேஃப்டி ஆபீசர் ஹெல்மெட்டை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்து, இடைவெளிக்குள் விரல் விட்டுப் பார்த்து, குனியச் சொல்லிப் பார்த்தாராம். "சரிண்ணே, ஏறுங்க" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்று சிரித்தாராம்.

அதன்பிறகு தினமும் காலையில் எங்கள் வீட்டில் அது ஒரு பூசை மாதிரி ஆனது. நான் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருப்பேன். முன்னறையில் அவள் பேச்சும் அவர் பேச்சும் மாறி மாறிக் கேட்கும். "ஆடாம உக்காருங்கப்பா, வகிடு கோணுது." "அப்பா, ராத்திரி பூரா ஒரே உதை." "வலது பக்கமா, எடது பக்கமா?" "அதெல்லாமா பாத்தேன்?" வெளியே வாய் திறந்து சொல்ல முடியாததையெல்லாம் அவர் பின்னந்தலையிடம் சொன்னாள். முகத்துக்கு நேரே அவள் சொல்லியிருக்கமாட்டாள், அவரும் கேட்டிருக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெல்மெட்டின் உள்பட்டையை நான் சோப்புப் போட்டுக் கழுவி, நிழலில் காயவைப்பேன். பொட்டு வைப்பதையும் விடவில்லை. கொஞ்ச நாளில் கூட வேலை பார்க்கிற இன்னும் சிலருடைய ஹெல்மெட்டிலும் பொட்டு ஏறிவிட்டதாகத் தம்பி சொன்னான்.

அன்றும் பின்னிக்கொண்டுதான் இருந்தாள். ஒரு சடை முடிந்து, அடுத்த பக்கத்தை மூன்றாகப் பிரித்துக் கையில் எடுத்தவள், அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஆ, தாயே" என்று இவர்தான் முதலில் கத்தினார். அதன்பிறகுதான் அவளுக்கு வலி வந்துவிட்டது என்று எங்களுக்குப் புரிந்தது. பாதிப் பின்னலோடு இவர் தெருவில் ஓடி ஆட்டோ பிடித்து வந்தார். பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். மத்தியானம் வரை வராந்தாவில் ஒரு பக்கம் சடையும் ஒரு பக்கம் விரித்த முடியுமாக, கண்ணை மூடி வாய்க்குள் முனகிக்கொண்டு நின்றார். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

நர்சம்மா துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். "தாய்க்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கு. பொம்பளப் பிள்ள. யாரு வாங்குறீக?" என்றவர், இவரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "இது யாருங்க, பாதிச் சாமியாரு?"

"தாத்தா" என்றார் இவர். வாங்கப் போன கையை இழுத்துக்கொண்டார். "மொதல்ல எம்மக கையில குடுங்கம்மா. அப்படித்தான் பேச்சு" என்றார். நர்சம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் திரும்பிப் போய் மகள் கையில் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்.

முப்பதாம் நாள் தீட்டுக் கழித்துக் கோயிலுக்குப் போனோம். மாப்பிள்ளையும் வந்திருந்தார். வேப்பமரத்தடியில் இவர் உட்கார, முடி இறக்குகிறவர் தண்ணீர் தெளித்துக் கத்தியை வைத்தார். மகள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தாள். முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. மொட்டைத் தலையில் சந்தனத்தைப் பூசிக்கொண்டு அவர் சன்னதியில் விழுந்து எழுந்தபோது எனக்கு ஆத்தாளிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வேலைக்குப் போனார். முடி போனதால் ஹெல்மெட் தொளதொளவென்று கண் வரை இறங்கியதாம். அந்தச் சேஃப்டி ஆபீசரே பின்னால் இருக்கிற திருகைத் திருகி இறுக்கிவிட்டு, "பேத்தி எப்படி இருக்குண்ணே?" என்று கேட்டாராம்.

"அத ஏன் சார் கேக்குறீக? ஒரே அழுகை. வீட்டுல ஒருத்தரையும் கண்ண மூட விடமாட்டேங்குது" என்று சலித்துக்கொண்டாராம் இவர். டீக்கடையிலும் அதையே சொன்னாராம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த, முன்பின் தெரியாத ஆளிடமும் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தாராம்.